செல்லத்தாய் எடுத்த வளையல் அளவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தங்கச்சிமாரே, என் பணிக்காலம் முழுவதிலும் எனக்கு வந்தது ஒரே ஒரு மெமோதான். மருந்து மாற்றிக் கொடுத்ததற்காக அல்ல, வேலைக்கு மட்டம் போட்டதற்காகவும் அல்ல. ‘சிறப்பு விருந்தினரின் முகத்தைக் கத்திரிக்கோலைப் பயன்படுத்திக் கீழே சாய்த்தது’ தொடர்பாக என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த முகம் பிளெக்ஸ் பேனரில் இருந்த முகம் என்கிற விவரத்தை டைப் அடித்தவர் விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக, ஆள் உயிரோடு இருக்காரா என்று கேட்டார்.

அலுவலகத்துக்கு இரண்டு வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். முழு விளக்கம் இப்போது உங்களுக்குத்தான். பிரஷர் பார்ப்பது எப்படி, ஊசி போடுவது எப்படி என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சுற்றி எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை சாகப் போகிறாள் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நான் நாசரேத்துக்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை. அப்போது முத்தையாபுரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்குப் பகுதி சுகாதாரச் செவிலியராக இருந்தேன். உப்பளத்து வேலைக்காரர்களும் துறைமுகத்து லாரிக்காரர்களும் அதிகமாக உள்ள பகுதி. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் சமுதாய வளைகாப்பு ஏற்பாடாகியிருந்தது. சுற்றுவட்டாரத்துக் கர்ப்பிணிகளை வேனில் கூட்டிவந்து வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டு, கலவை சாதம் கொடுத்து அனுப்புவார்கள். நல்ல காரியம்தான். வீட்டில் வளைகாப்பு நடத்த வழியில்லாத பிள்ளைகள் அன்றைக்கு ஒரு நாள் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும்.

ஆனால் எங்கள் திட்ட அலுவலர் மேடத்துக்கு ஒரு பயம் இருந்தது. முந்தின வருஷம் வேறு ஏதோ ஓர் ஊரில் மேடையில் வைத்து விருந்தினர் போட்ட வளையல், கர்ப்பிணியின் கையிலேயே உடைந்துவிட்டதாம். வளைகாப்பில் வளையல் உடையலாமா? அந்தப் பிள்ளையின் அம்மா மேடையிலேயே அழ, அது அப்படியே டிவியில் வந்துவிட்டதாம். அதனால் எங்கள் மேடம் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு ஒத்திகை என்பதை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

திட்டம் இதுதான். அங்கன்வாடி ஊழியர்கள் முன்கூட்டியே வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் வளையல் அளவை எடுத்துவர வேண்டும். விழாவன்று காலையில் வலது கை நிறைய நம் ஆட்களே வளையல் போட்டுவிட வேண்டும். இடது கை விருந்தினருக்கு. முதல் நாற்காலியில் உட்காருகிற பிள்ளைக்கு அவர் கேமரா பார்க்கப் போடுவார். அந்தக் கைக்குச் சோப்புத் தண்ணீர் தடவி முன்னாலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். மேடம் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் ராக்கெட் விடப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

முதல் நாற்காலிக்குத் தேர்வானவள் கௌசல்யா. தலைப்பிரசவம். சிரித்த முகம், போட்டோவுக்கு நன்றாக இருப்பாள் என்று மேடமே தேர்ந்தெடுத்தார். புருஷன் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்குப் பெங்களூர் ரோட்டில் எங்கேயோ இருந்தான். கூட வந்தது மாமியார் இசக்கியம்மாள், உப்பளத்துக் கூலி. புருஷனை இழந்தவர் என்பதால் வளையல் தட்டுப் பக்கமே வராமல் மண்டபத்தின் கடைசி வரிசையில், தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முன்னால் வாங்க என்று நானே கூப்பிட்டேன், வரவில்லை.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போது முதல் நாற்காலியைச் சுற்றி ஒரே சண்டை. மேடம், அங்கன்வாடி ஊழியர் செல்லத்தாயைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். கௌசல்யாவுக்கு ரெண்டு நாலு அளவு என்று செல்லத்தாய் சொல்லியிருந்தாள். அந்த வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. ஓர் அளவுகூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதா என்பது மேடத்தின் கேள்வி. செல்லத்தாய்க்குப் பேரன் பேத்தி எடுத்த வயசு, எனக்கு மேல் வாய்.

“போன வாரம் நான் எடுத்தப்ப வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு மேடம். நான் எடுத்த அளவு சரிதான். சத்தியமா சரிதான்.”

யாரும் கேட்கவில்லை. அடுத்த அளவான ரெண்டு ஆறு வந்தது. அதுவும் போகவில்லை. ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். இன்னொருத்தி பவுடர் போட்டாள். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து கை பணியாரமாவு மாதிரி ஆனதுதான் மிச்சம். கடைசியில் அனுபவசாலி ஒருத்தி கையில் பாலிதீன் கவரை மாட்டி, அதன் மேல் வளையலை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கௌசல்யா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒவ்வொன்றாக வலது கையில் ஏறியது. புஷ்டியான கை, லட்சுமி கடாட்சம், ஆம்பளப் பிள்ளைதான் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்குக் கைதட்ட வரவில்லை. செல்லத்தாய் வாயாடி, ஆனால் பொய் சொல்ல மாட்டாள். அளவு சரி என்றால், ஒரு வாரத்தில் மாறியிருப்பது கை.

கிட்டே போய்ப் பார்த்தேன். கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. கண் இமை இரண்டும் தூங்கி எழுந்தவளுக்குப் போல வீங்கியிருந்தன. தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். வேனில் வந்ததால் இருக்கும் என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி, மினுக்கு மினுக்கென்று ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

“அதான் சிஸ்டர் சீரியல் லைட்டு போட்டிருக்காங்களே. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணு கூசுது.”

நான் அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்தில் சீரியல் விளக்கு கட்டியிருந்தது உண்மைதான். விருந்தினரின் கார் வாசலுக்கு வந்த பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லி, மேடம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆளையே நிறுத்தி வைத்திருந்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

எரியாத விளக்கு கண்ணில் மினுங்குகிறது என்றால், பிரஷர் உச்சத்துக்கு ஏறி, மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம், வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியில் சந்தனம், கன்னத்தில் நலங்கு மஞ்சள்.

பிரஷர் கருவியைத் தேடி ஓடினேன். எங்கள் வட்டாரத்துக் கருவி முழுக்க அன்றைக்குக் கண்காட்சி மேசையில் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமந்திப் பூ. பக்கத்தில் ‘தொடாதீர்’ என்று அட்டை. தொட்டேன். பொத்தானை அமுக்கினால் உயிர் இல்லை. காவலுக்கு நின்ற பிள்ளை, உள்ளே இருந்த பேட்டரியை மைக்குக்குப் போட்டுவிட்டார்கள் என்றாள். மேடையில் ஒரு மேற்பார்வையாளர் கம்பியில்லா மைக்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக் குளிக்கும் எங்கள் கடலில் கிடைக்காத முத்தே என்று விருந்தினரை வர்ணித்து, சிப்பியைத் திறக்கிற இடத்துக்கு வந்திருந்தார். நான் ஏறிப்போய் மைக்கைப் பிடுங்கிப் பின்பக்கத்தைக் கழற்றினேன். இன்னொரு மைக்கையும் கழற்றினேன். விருந்தினர் சிப்பிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

வளையல் இல்லாத இடது கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். நான் பயந்ததைவிட அதிகமாக இருந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் பூங்கொத்தோடு வாசலில் நிறுத்தப்பட்டிருந்தார். சின்ன வயசுப் பெண். எண்ணைக் காட்டினேன். பூங்கொத்தைப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். வலிப்பு வராமல் தடுக்கிற ஊசியை உடனே போட வேண்டும், போட்ட கையோடு தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேடம் வந்தார். அவரும் கெட்டவர் இல்லை, தங்கச்சிமாரே. ஒரு நல்ல காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தவர். விருந்தினர் உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், இதோ கிளம்பிவிடுவார், இடது கையில் ஒரே ஒரு வளையல், ஒரே ஒரு போட்டோ, அதற்குப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். முதல் நாற்காலி காலியாக இருந்தால் தன் கதி என்ன என்றும் கேட்டார். அவருடைய கதிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, இவளுக்கு இருக்கிறது என்று சொன்னேன். என் வாய் அப்படி. மருத்துவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

மேடத்தைச் சமாளித்துவிட்டோம் என்று பார்த்தால், கௌசல்யா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கடைசி வரிசையிலிருந்து இசக்கியம்மாளின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஏளா, எந்திரிச்சிராத. ஒரு கை நெறஞ்சு ஒரு கை மூளியா இருக்கையில மணையை விட்டு எந்திரிக்கக் கூடாது.”

அப்படியானால் இடது கையில் நாமே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். முயன்றோம். பாலிதீன் கவருக்கும் அந்தக் கை மசியவில்லை. இசக்கியம்மாளோடு பேசலாம் என்றால், அவர் கிட்டே வர மாட்டார். தாலியறுத்தவள் மணைப் பக்கம் வரக் கூடாதாம். அங்கிருந்தே கத்துகிறார். மின்விசிறிச் சத்தத்தில் நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. செல்லத்தாய் நடுவில் நின்று, ஐ.நா. சபை மாதிரி இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் கடத்திக்கொண்டிருந்தாள். போகிற வழியில் தன் அளவு சரிதான் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

இங்கேதான் கவனியுங்கள். மூடநம்பிக்கை என்று ஒரு வகுப்பெடுக்க எனக்கு நாக்கு துடித்தது. எடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், கௌசல்யா அந்த நாற்காலியிலேயே வலிப்பில் வெட்டி இழுத்திருப்பாள். அந்த அம்மா மருமகள் சாக வேண்டும் என்று கத்தவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கத்தினார். நானும் அதற்குத்தான் கத்திக்கொண்டிருந்தேன். அதனால் கடைசி வரிசைக்கு நானே நடந்து போனேன்.

“மைனி, வளைகாப்பு முடியல. எடந்தான் மாறுது. தட்டு, சந்தனம், வளையலு எல்லாம் கூடவே வருது. மிச்சத்த அங்க வச்சுப் போடுதோம். நீங்களும் வாங்க.”

அவர் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு தலையாட்டினார். தட்டில் எது இருந்ததோ எல்லாம் வர வேண்டும் என்றார். சரி என்றேன். சந்தனக் கிண்ணம், குங்குமம், கையில் ஏறாத ரெண்டு நாலு வளையல் பொட்டலம், புளியோதரை, லெமன் சாதம், எல்லாம் கிளம்பின.

ஊசி போட ஒரு மறைவு வேண்டும். விருந்தினர் அறையை விருந்தினர் வந்தால்தான் திறப்பார்களாம். சமையல்கட்டை ஒட்டிய சரக்கு அறையில், சாம்பார் வாளிகளுக்கு நடுவில் மருத்துவர் இடுப்பில் ஊசியைப் போட்டார். அடுத்த மருந்துக்கு ஊசிக்குழாய் மாட்ட இடது கையில் நரம்பு தேடினார். அந்த வீக்கத்தில் ஒன்றும் அகப்படவில்லை. போகிற வழியில் பார்ப்போம், கிளம்புங்கள் என்றார்.

ஆம்புலன்ஸ் மண்டப வளாகத்துக்குள்ளேயே தயாராக நின்றது. விழாவுக்கு ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் வாசலில் நின்றால் பார்வைக்கு நன்றாக இராது என்று முந்தின நாளே உள்ளே கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அது வந்த பிறகு வாசலில் வரவேற்பு வளைவு கட்டினார்கள். இரண்டு பக்கமும் குலை வாழை, மேலே விருந்தினர் கையெடுத்துக் கும்பிடுகிற பிளெக்ஸ். வண்டியின் தலையில் சுழல்விளக்கு. வளைவு அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவர். பின்பக்க மதிலை இடிக்கலாம் என்று இன்னொருவர். மதிலை இடிக்கத் துணிந்தவர்கள் பிளெக்ஸைத் தொடத் துணியவில்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாமே என்றால், கட்டியவர் வர வேண்டுமாம். அவர் திருச்செந்தூரில் வேறொரு வளைவு கட்டிக்கொண்டிருக்கிறாராம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். உள்ளே கௌசல்யா கண்ணை மூடிக்கொண்டு, தலை வெடிக்கிறது என்று முனகுகிறாள்.

கண்காட்சி அரங்கைத் திறந்து வைக்க வெல்வெட் துணி போட்ட தட்டில் ஒரு கத்திரிக்கோல் வைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டுவதற்கு. நான் அதை எடுத்தேன். ஒரு நாற்காலி மேல் ஏறினேன். நைலான் கயிறு, சனியன், லேசில் அறுபடவில்லை. அறுபட்டதும் விருந்தினர் கும்பிட்டபடியே முன்பக்கமாகக் குப்புற விழுந்தார். ஆம்புலன்ஸ் அவர் மேல் ஏறித்தான் வெளியே போனது. அது ஓட்டுநரின் தப்பில்லை, வேறு வழி இல்லை. அந்தக் கத்திரிக்கோல் கடைசிவரை என் இடுப்பிலேயே இருந்துவிட்டது.

வண்டிக்குள் நானும் மருத்துவரும். இசக்கியம்மாள் பின்னால் ஏற மறுத்துவிட்டார். அறுத்தவள் நிழல் பிள்ளைத்தாய்ச்சி மேல் படக்கூடாது என்று முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் ஒரு சின்ன ஜன்னல்.

முத்தையாபுரத்தை நெருங்கியதும் வண்டி நின்றது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள், கண்ணுக்கெட்டின தூரம். சங்கு ஊதுகிறது, லாரிக்காரர்கள் ஒதுங்கத்தான் பார்க்கிறார்கள், ஒதுங்க இடம் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கௌசல்யாவின் உதடு ஓரத்தில் துடிக்க ஆரம்பித்தது. மருத்துவர் ஊசிக்குழாயைக் கையில் எடுத்தார். வலிப்பு வந்தால் அடுத்த மருந்து நேராக ரத்தத்தில் போக வேண்டும், நரம்பு இப்போதே வேண்டும் என்றார். இடது கையில் மறுபடியும் பார்த்தார், இல்லை. மிச்சம் இருப்பது வலது கை. அதில் மணிக்கட்டிலிருந்து மேலே வரை வளையல், ஒவ்வொன்றும் சதைக்குள் இறங்கியிருந்தது. கழற்ற முடியாது. உடைக்க வேண்டும்.

நான் கத்திரிக்கோலை எடுத்தேன். கௌசல்யா பார்த்துவிட்டாள். அரை மயக்கத்தில் இருந்தவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவர் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், உடைக்காதீர்கள், உடைக்காதீர்கள் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிடித்து இழுத்து உடைக்கலாம். ஆனால் அவள் திமிறத் திமிறப் பிரஷர் ஏறும், திமிறலிலேயே வலிப்பு வரும். நான் வேதக்காரி, எங்கள் சபையில் வளையலுக்கு இவ்வளவு அர்த்தம் கிடையாது. ஆனாலும் கத்திரிக்கோலை அந்த வளையலில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி கையில் வளையல் உடைப்பது என்றால் நம் ஊரில் என்ன என்று எனக்குத் தெரியும்.

முன்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு இசக்கியம்மாள் உள்ளே ஏறினார். எங்களைத் தள்ளிக்கொண்டு கௌசல்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏளா கௌசல்யா, எங் கையப் பாரு. கல்யாணமான நாளையிலேருந்து ஒத்த வளையலு ஒடைய விட்டதில்ல நான். உப்பு வாருகையில கூடத் துணியச் சுத்திக்கிட்டுதான் வாருவேன். அப்படிக் காத்தேன். ஒங்க மாமா போயிட்டாருலா? ஒடையாத வளையலு அவரப் புடிச்சு வச்சுச்சா?”

கௌசல்யா திமிறுவதை நிறுத்தினாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறவு ஒடஞ்ச வளையலு எம் மவன என்ன செஞ்சிரும்? குடு கைய.”

கௌசல்யா கையை நீட்டினாள். இசக்கியம்மாள் தன் முந்தானையை அந்தக் கையில் சுற்றி, மேலே தன் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினார். நொறுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி அமுக்கினார். முந்தானையில் ரத்தம் பூத்தது. கௌசல்யாவுக்குக் கீறல்கூட இல்லை, அத்தனையும் அவருடைய ரத்தம். மருத்துவர் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்தார். நான் அழுதுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

லாரிகள் எப்படியோ வழிவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது கௌசல்யாவுக்கு வலிப்பு வந்தது. ஆனால் கையில் ஊசிக்குழாய் இருந்தது, மருந்து உடனே போனது. அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆம்பளப் பிள்ளை என்று ஜோசியம் சொன்னார்களே, பெண் பிள்ளை. எடை குறைவு. பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச காலம் இருக்க வேண்டியிருந்தது. தாய் இரண்டு நாள் கண் திறக்காமல் பயமுறுத்தினாள், பிறகு திறந்தாள்.

இனி மண்டபத்துக் கதை. விருந்தினர் வந்துவிட்டார். முதல் நாற்காலி காலி. அளவு தப்பாக எடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக மேடம் செல்லத்தாயை அதில் உட்கார வைத்துவிட்டார். அவளுக்கு இயல்பிலேயே வயிறு கொஞ்சம் முன்னால்தான் இருக்கும். விருந்தினர் பாசத்தோடு வளையல் போட்டுவிட்டு, எத்தனையாவது மாசம் என்று கேட்டார். மேடம் முந்திக்கொண்டு ஒன்பது என்றார். முதல் பிள்ளையா என்று விருந்தினர் செல்லத்தாயையே கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவள், ஏற்கெனவே மூன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். குடும்பக் கட்டுப்பாடு பற்றி அவர் மேடையிலேயே அன்பாக எடுத்துச் சொன்னார். மறுநாள் பேப்பரில் போட்டோ. அவள் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அது கிடக்கட்டும். அடுத்த வளைகாப்பில் வளையல் தட்டுக்கு முன்னால் ஒரு பிரஷர் மேசை போடப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்குப் போக முடியும். போட்டது மேடம்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டிருந்தார். மைக்குக்கும் புதுப் பேட்டரி வாங்கியிருந்தார். உங்களுக்கு நான் சொல்லுவதும் அவ்வளவுதான். வளையல் ஏறவில்லை என்றால் எல்லாரும் பெரிய வளையலைத் தேடுவார்கள். செருப்பு ஏறவில்லை என்றால் பெரிய செருப்பு வாங்குவார்கள். நீங்கள் மட்டும் கையையும் காலையும் பாருங்கள். சந்தோஷமான இடத்தில் கெட்ட சேதி சொல்லுகிற முகராசி இல்லாதவள் என்று உங்களைச் சொல்லுவார்கள், சொல்லட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுகிற அன்றைக்கு நானும் செல்லத்தாயும் பார்க்கப் போனோம். புருஷன் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்து பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு முடி உதிரவில்லை அவனுக்கு. இசக்கியம்மாள் கட்டுப் போட்ட கையோடு எங்களுக்காகவே காத்திருந்தார். கட்டிலில் அதே தட்டு. சந்தனம் புதுசாகக் கரைத்திருந்தார்.

“வளைகாப்பு முடியல, எடந்தான் மாறுதுன்னு சொன்னிய நர்சம்மா. மிச்சத்தப் போட வேண்டாமா?”

பிள்ளை பிறந்த பிறகு வளைகாப்பு எங்கேயாவது உண்டா? வார்டில் உள்ளவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் சொன்னது நான். கௌசல்யா இடது கையை நீட்டினாள். நான் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். அவள் என்னைத் தடுத்து மாமியார் பக்கம் கையைத் திருப்பினாள். இசக்கியம்மாள் இரண்டடி பின்வாங்கினார். நானா, நான் போடலாமா என்று கேட்டார்.

“ஒடச்சது நீங்கதான அத்த. நீங்களே போடுங்க.”

இசக்கியம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, பொட்டலத்தைப் பிரித்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் ஒரு வளையலை எடுத்தார். ரெண்டு நாலு. சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பாலிதீன் கவர் இல்லை. வளையல் விரல் முட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. செல்லத்தாய் என் தோளை இடித்தாள்.

“நான் எடுத்த அளவு சரிதான்னு அன்னைக்கே சொன்னேம்லா சிஸ்டர்” என்றாள்.